கவலை இறைத்த தோட்டங்கள்

கொங்குப் பகுதியில் முன்பெல்லாம் பெண் கொடுக்கப் போகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை ஏக்கர் பூமி என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை; சித்திரை, வைகாசியில் கிணற்றில் எத்தனை ஆள் தண்ணீர் நிற்கும், கட்டுத்தரையில் எத்தனை ஜோடி எருது கட்டியிருக்கிறது என்பதையும் விசாரித்த பிறகுதான் மேற்கொண்டு பேசுவார்கள் என்று எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, சொல்வார். மழையை நம்பிய காட்டில் ஆடிப் பட்டத்துக்குக் கம்போ சோளமோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கலாம். கிஸ்தி கட்டவும் உப்பும் துணியும் வாங்கவும் வேண்டிய காசைக் கொடுத்த பருத்தி, மிளகாய், புகையிலை போன்றவை பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த தோட்டத்தில்தான் விளைந்தன. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருவதற்கே அன்றைய குடும்பத்தின் உழைப்பில் பெரும்பகுதி செலவானது.

எருதுகளைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஏற்பாட்டுக்குத்தான் கவலை என்று பெயர்; இன்றைய பிள்ளைகளுக்கு அது மனக்கவலை மட்டும்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சால் எனப்படும் பெரிய இரும்பு வாளியின் அடியில், யானைத் துதிக்கைபோல் நீண்ட தோல் தும்பி தைத்திருப்பார்கள். சாலின் வாயில் கட்டிய வடம் மேல் உருளையிலும், தும்பியின் நுனியில் கட்டிய வால்கயிறு கீழ் உருளையிலும் ஓடும். எருதுகள் சரிவான வாரியில் இறங்கி இழுக்கும்போது தும்பி மேல்நோக்கி மடிந்திருப்பதால் தண்ணீர் சிந்தாது. சால் கிணற்று விளிம்புக்கு வந்ததும் வடம் அதை மேலும் உயரத் தூக்க, வால்கயிறோ தும்பியின் நுனியைத் தொட்டிப் பக்கமாக இழுத்துவிடுவதால், யாரும் கைவைக்காமலே சால் தானாகக் காலியாகும். இரண்டு கயிறுகளின் நீளம் ஒரு சாண் பிசகினாலும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். இறைப்பவர் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்து தம் உடல் எடையையும் எருதுகளுக்குத் துணையாகக் கொடுப்பார். ஏறும்போது அந்த எருதுகள் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வாரியின் தலைக்கு வர வேண்டும். விடிவதற்கு முன் பூட்டி, வெயில் ஏறியதும் அவிழ்த்து, மறுபடி சாயங்காலம் பூட்டினாலும், ஒரு ஏக்கர் முழுதும் நனைய நாட்கணக்கில் ஆகும். இதற்கிடையில் பாத்தி பாத்தியாக மடை திருப்ப இன்னொருவர் மண்வெட்டியோடு நின்றாக வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பையனாக இருந்ததால், படிப்பு அவனுக்கு இரண்டாம்பட்சமானது.

இத்தனை வேலை வாங்கும் எருதுக்கும் தீனி விளைய வேண்டும் அல்லவா? காங்கயம் பக்கத்தில் அதற்கென்றே கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் இருந்தன. வெள்வேல மரங்களுக்கு இடையே கொழுக்கட்டைப் புல் முளைக்கும் அந்தக் காட்டை உழுது பணப்பயிர் வைக்க யாரும் எண்ணியதில்லை, ஏனென்றால் எருது மெலிந்தால் தோட்டமும் காய்ந்துவிடும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போவது திருவிழாவுக்குப் போவதாகவும், குடும்பத்தின் மிகப் பெரிய கொள்முதலாகவும் ஒருசேர இருந்தது.

வீட்டுக்குள் பெண்களின் பொழுதைத் தின்றது கம்பு. லேசாகத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி உமியைப் போக்க வேண்டும். புடைத்து எடுத்ததை மறுபடி இடித்து, நொய்யையும் மாவையும் தனித்தனியே சலிக்க வேண்டும். கொதிக்கும் உலையில் முதலில் நொய்யைப் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டி விழாமல் கிளற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அந்தக் கம்மஞ்சோறு கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும் மட்டுமே. இன்று சிறுதானியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் உலக்கையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அமுச்சியின் உள்ளங்கைக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தவர்களால் அப்படி விட முடியாது.

அக்காலக் குடும்பம் தன் கையையே நம்பி வாழ்ந்தது என்று உறவினர்கள் பெருமை பேசும்போதும் எனக்கு இதே சங்கடம்தான். தும்பியைத் தைத்தவர்களும், அது கிழிந்தபோது ஒட்டுப் போட்டவர்களும், வருஷக் கணக்கில் பண்ணயத்துக்கு, அதாவது பண்ணை வேலைக்கு, நின்று கவலை ஓட்டியவர்களில் பலரும் அருந்ததியர். கூலி பெரும்பாலும் தானியமாகவே அளக்கப்பட்டது. அவர்கள் கை பட்ட தோல் வழியாக வந்த நீர் எல்லோருடைய பயிருக்கும் பாய்ந்தது; ஆனால் குடிக்கக் கேட்டபோது, சற்றுத் தள்ளி நின்று கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

1932இல் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வரத் தொடங்கிய பிறகு, வசதி உள்ள தோட்டங்களில் மெல்ல மெல்ல மோட்டார் இறங்கியது. 1955இல் பவானிசாகர் அணை வேலை முடிந்து, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடியபோது, சுமார் 2,07,000 ஏக்கர் பாசனம் பெற்றதோடு, வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளிலும் ஊற்றுப் பெருகியது. எருதுகள் விற்கப்பட்டன, பண்ணயம் குறைந்தது, வாரிகளை மண்போட்டுச் சமப்படுத்தினார்கள். அதுவரை எருதுக்குத் தீனி தேடிய விவசாயி இப்போது மின் கட்டணத்துக்குப் பணம் தேடினார். கட்டண உயர்வை எதிர்த்து, விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் விவசாயிகள் கோவை நகரத்தை மாட்டுவண்டிகளால் நிறைத்தபோது, வண்டியில் பூட்ட இன்னும் எருதுகள் மிச்சமிருந்தன.

அமுச்சியின் கணவரான எங்கள் அப்பிச்சி மோட்டாரை வெறுத்தவர் அல்லர். ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரும் சுகத்தை வாய்விட்டுச் சொல்லி மகிழ்ந்தவர். இருந்தாலும் அவர் கவனித்த ஒரு விஷயம் உண்டு. எருது இறைத்த வரையில், அது களைத்து நிற்கும் மத்தியானத்திலும் இராத்திரியிலும் கிணறு மறுபடி ஊறிக்கொண்டது. மோட்டாருக்குக் களைப்பு இல்லாததால் ஊற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கிணற்றை வெட்டி ஆழப்படுத்தினார்கள், பிறகு கிணற்றுக்குள்ளேயே துளை போட்டார்கள், அதன் பிறகு காட்டில் ஆழ்குழாய் இறக்கினார்கள். இப்போது பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு எந்த ஊரில் வேலை என்று மட்டும் கேட்கிறார்கள்.