'ரீயூனியன்' நாவலின் கடைசி வரியை வாய்விட்டு வாசித்தல்

ஃப்ரெட் உல்மன் 1971இல் வெளியிட்ட 'ரீயூனியன்' குறுநாவலை எங்கள் வாசிப்பு வட்டத்தில் முழுவதுமாக வாய்விட்டு வாசித்து முடித்துவிட்டேன். நெடுநாளாகப் பிடிகொடுக்காமல் இருந்த இறுதிப் பக்கம் இந்த முறை அமைந்துவிட்டது. முடிவைச் சொல்லாமல் இதை எழுத வழியில்லை. எனவே படிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு இங்கு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். நூறு பக்க அளவுதான்.

1932 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நகரப் பள்ளி ஒன்றில், யூத மருத்துவரின் மகன் ஹான்ஸ் ஷ்வார்ஸும் பிரபு குலத்துப் பிள்ளை கான்ராடின் ஃபான் ஹோஹென்ஃபெல்ஸும் நண்பர்களாகிறார்கள். பழங்கால நாணயங்கள், ஹோல்டர்லினின் கவிதைகள், ஊர்சுற்றல் என்று போகும் முற்பகுதி வாசிப்பவருக்குப் பெரிய சிரமம் தருவதில்லை. சிரமம் ஓபரா அரங்கில் தொடங்குகிறது. பெற்றோருடன் வந்திருக்கும் கான்ராடின், எதிரில் நிற்கும் ஹான்ஸைத் தெரியாதவன்போலக் கடந்துபோகிறான். அன்று மேடையில் நடப்பது பேத்தோவனின் 'ஃபிடேலியோ'. அநியாயமாகச் சிறையில் அடைக்கப்பட்ட ஒருவனை அவன் மனைவி உயிரைப் பணயம் வைத்து மீட்கும் கதை. அந்த இடத்தில் வாசிப்பவரின் குரலில் கான்ராடின்மீது கோபம் ஏறிவிட்டால், கேட்பவர்கள் அப்போதே தீர்ப்பை எழுதிவிடுவார்கள். பிறகு வரும் முடிவு அவர்களுக்கு வெறும் கதைத் திருப்பமாகத் தோன்றும். ஆகவே அக்காட்சியை ஏற்ற இறக்கமின்றி வாசித்தேன். ஹிட்லரை நம்புவதாகக் கான்ராடின் எழுதும் பிரிவுக் கடிதத்தை மட்டும், அவன் உண்மையாகவே அன்போடு எழுதுகிறான் என்பது கேட்கும்படி, சற்று மென்மையாக வாசித்தேன்.

இனி அந்தக் கடைசிப் பக்கம். பல ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் வழக்கறிஞராக வாழும் ஹான்ஸுக்கு, போரில் இறந்த பழைய மாணவர்களின் நினைவுச் சின்னத்துக்கு நன்கொடை கேட்டு அவர் படித்த பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. கூடவே இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல். 'எச்' எழுத்தை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றப் பெயர்களை அவர் பார்க்கிறார். இறுதியில் அதையும் திறக்கிறார். ஹிட்லரைக் கொல்லும் சதியில் பங்குகொண்டதற்காகக் கான்ராடின் மரண தண்டனைக்கு ஆளானான் என்று அங்கே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு குடும்பப் பெயரில் தொடங்குகிறது. அதற்கும் இயற்பெயருக்கும் நடுவே மூச்சு வாங்கக் கூடாது. முழுப்பெயருக்குப் பிறகு ஒரு சிறு நிறுத்தம் போதும். ஹிட்லரின் பெயருக்கு அழுத்தம் வேண்டாம். கடைசிச் சொல்லை, அலுவலகத்தில் பதிவேட்டைப் படிக்கும் எழுத்தரைப் போல, அதே சுருதியில் சொல்லி நிறுத்திவிட வேண்டும். பட்டியலைத் தயாரித்தவருக்கு ஹான்ஸ் யாரென்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவ்வரியின் வலு. வாசிப்பவரின் தொண்டை கம்மினால், கேட்பவர்களின் இரக்கம் ஹான்ஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிடும்.

வாசித்து முடித்ததும் ஒரு நண்பர், "ஓபரா பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள்," என்றார். நான் விரும்பியது இதுதான். நண்பனைப் பற்றி ஹான்ஸ் இத்தனை ஆண்டுகள் சுமந்த கணக்கு முழுவதும் ஒரே வரியில் தவறிப்போகிறது. அதைச் சரிசெய்துகொள்ள எதிரில் ஆள் இல்லை. இழப்பைச் சொல்லும் நாவல்கள் ஏராளம். மன்னிப்புக் கேட்கவும் இடமில்லாமல் போவதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறொன்றை நான் படித்ததில்லை.

பிரதி தேடுவோருக்கு ஒரு குறிப்பு: பழைய புத்தகக் கடையில் கிடைத்தால், பின்னட்டையைப் படிக்காமல் வாங்கிவிடுங்கள். ஆர்தர் கோஸ்ட்லரின் முன்னுரை உள்ள பதிப்பு என்றால் அந்த முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். ஹெரால்ட் பின்டர் திரைக்கதை எழுதிய 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் அதற்குப் பிறகு பார்ப்பதே நல்லது.

அடுத்ததாக, கான்ராடின் சிறையிலிருந்து ஹான்ஸுக்கு எழுதுவதாக உல்மன் பின்னர் எழுதிய 'நோ கவர்ட் சோல்' நூலை வாசிக்கத் திட்டமிட்டிருக்கிறேன். ஹான்ஸுக்குக் கிடைக்காத விளக்கம் கேட்பவர்களுக்கு உடனே கிடைத்துவிடக் கூடாது என்பதால், நடுவில் சில வாரங்கள் விடப்போகிறேன். அதற்குள் ஓபரா பகுதியின் ஒலிப்பதிவைச் செய்து முடிக்க வேண்டும். கான்ராடின் கடந்துபோகும் இடத்தில் வாசிப்பு வேகம் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை.