மூன்றாவது குட்டிக்குப் பாட்டில் பால்: செய்து பார்த்த அனுபவம்

ஆட்டுக்கு இருப்பது இரண்டே காம்பு. எங்கள் கன்னி ஆடு இந்த ஈத்துக்குப் போட்டது மூன்று குட்டி. முதல் இரண்டும் கிடா. பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தள்ளாடி எழுந்து ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொண்டன. கடைசியாக விழுந்த பெட்டைக்குட்டியைத் தாய் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளிவிட்டது. அந்தப் பெட்டைக்குப் பாட்டிலைப் பழக்கியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பாட்டிலைக் காட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற குட்டியோடு ராத்திரியில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும்.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆடு வளர்ப்பு எனக்குத் தொழில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆசைக்கு நாலைந்து உருப்படி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கன்னி ஆடு தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி மாவட்டங்களுக்கே உரிய இனம். கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. எங்களுடையது பால்கன்னி. இரட்டைக் குட்டி இந்த இனத்தில் சகஜம். மூன்று போட்டால்தான் இப்படிப் பாட்டில் வேலை வந்து சேரும்.

முதல் ராத்திரி

வெளியே ஐப்பசி மழை. குட்டி ஈரத்தோடு சாக்கின் மேல் கிடந்தது. தூக்கித் தராசில் வைத்தால் 1.6 கிலோ. அண்ணன்கள் இரண்டும் இரண்டு கிலோவை ஒட்டி இருந்தார்கள். தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கி எடுத்துவிட்டு, வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். தெம்பான குட்டி என்றால் நாக்கை மடித்து விரலைச் சப்பி இழுக்கும். இதற்கு வாய்க்குள்ளேயே சில்லென்று இருந்தது. நாக்கு அசையவில்லை.

அத்தைக்கு ஆடு புதிதில்லை, பிறந்த வீட்டிலேயே கிடை பார்த்தவர். "ஏம்மா, பீய்ச்சுன பால சங்குல எடுத்து ரெண்டு மடக்கு ஊத்திரு. வயித்துக்குள்ள போனா அதுவா எந்திரிக்கும்" என்றார்.

"இருங்க அத்தை, முதல்ல சூடு எவ்வளவுன்னு பார்த்துருவோம்."

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 98 காட்டியது. மனுஷனுக்கு அது சரியான சூடு. ஆட்டுக்குட்டிக்கு 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 100க்குக் கீழே இறங்கிய குட்டிக்குச் சப்புகிற உணர்ச்சியே மங்கிவிடும், விழுங்கவும் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் சங்கில் ஊற்றினால் புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போகும். அப்படி ஊற்றி, ரெண்டு நாளில் சளிக்காய்ச்சலில் போன குட்டிகளைத்தான் "பால் குடிச்சும் பிழைக்கல" என்று சொல்வார்கள். இறங்கினாலும் பிரயோஜனம் இல்லை, குளிர்ந்த குடலில் செரிமானம் நடக்காது. சூடு முதலில், பால் அப்புறம். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றக் கூடாது என்பது என் கட்சி.

சாக்கால் அழுத்தித் துடைத்து ஈரத்தை எடுத்தோம். இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, பழைய வேட்டியில் சுற்றி, வயிற்றுக்கு அணைவாக வைத்தேன். மேலே ஒரு குண்டு பல்பு. பல்பைக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட வேண்டாம். கீழே இருப்பது வைக்கோல், மழை நேரத்து வயரையும் நம்ப முடியாது.

இதில் ஒரு நெருக்கடி உண்டு. ஆட்டின் வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கடக்காது. அது முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் வாசல் குட்டியின் குடலில் பிறந்த நிமிஷத்திலிருந்தே மூடத் தொடங்கிவிடும். முதல் ஆறு மணி நேரம்தான் பொன்னான நேரம், ஒரு நாள் ஆனால் ஏறக்குறைய அடைந்துவிடும். அதனால் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனாலும் குளிர்ந்த குட்டியைச் சூடேற்றுவதில் போகும் நேரம் வீண் நேரம் இல்லை.

அது காய்கிற நேரத்தில் தாயிடம் சீம்பால் பீய்ச்சினேன். அண்ணன்கள் இரண்டும் குடித்த மிச்சம்தான், இருந்தாலும் அரை டம்ளர் தேறியது. கெட்டியாக, நல்ல மஞ்சளாக இருந்தது. சீம்பாலை அடுப்பில் நேராக வைத்தால் கட்டிதட்டிப் போகும், நாம் வேண்டுமானால் கருப்பட்டி போட்டுச் சாப்பிடலாம், குட்டிக்கு ஆகாது. அகலமான சட்டியில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் டம்ளரை நிறுத்தி வைத்தால் போதும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமாகச் சுட வேண்டும், அதுதான் பக்குவம்.

பாட்டிலைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை: 180 மில்லி குவார்ட்டர் பாட்டில். எங்கள் ஊரில் தாயில்லாக் குட்டி பாதிக்கு மேல் இதில்தான் வளர்கிறது. மெடிக்கல் ஷாப்பில் பழைய மாதிரி இழுத்து மாட்டும் ரப்பர் நிப்பிள் கிடைத்தால் அந்தக் கழுத்துக்கு அழகாக உட்காரும். பாட்டிலை நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவிவிடுங்கள். நிப்பிளின் ஓட்டைதான் கவனிக்க வேண்டியது. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது.

குட்டியின் காது சூடாகி, தலையைத் தூக்கி "ம்மே" என்று ஒரு சத்தம் கொடுத்ததும் மறுபடி தெர்மாமீட்டர் வைத்தேன். 101 தாண்டியிருந்தது. விரலை விட்டால் நாக்கு லேசாக வளைந்தது. சரி, இனிமேல் குடித்துவிடும் என்று நிப்பிளை வாயில் வைத்தால், அங்கேதான் ஆரம்பித்தது மறுப்பு. தாத்தா வெற்றிலை மெல்லுகிற மாதிரி ரப்பரைக் கடைவாயில் ஒதுக்கி மென்றுகொண்டிருந்தது. பால் ஒரு பக்கமாக வழிந்து தாடையெல்லாம் ஈரம். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு காலை உதைத்தது.

அத்தை பக்கத்தில் வந்து குந்தினார். "தாய் மடிக்குள்ள இம்புட்டு வெளிச்சமா இருக்கு? டியூப்லைட்ட அமத்து. கண்ணப் பொத்து" என்றார்.

சங்கு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லையே தவிர, இதில் அவர் சொன்னது அத்தனையும் பலித்தது. குட்டி இயற்கையாகக் காம்பைத் தேடுவது தாயின் தொடையிடுக்கு இருட்டில். கண்ணுக்கு மேலே நிழல் விழ வேண்டும், நெற்றியில் ஏதாவது முட்ட வேண்டும், அப்போதுதான் வாய் திறக்கும். நான் மண்டி போட்டு, குட்டியை என் முழங்கால்களுக்கு நடுவில் நாலு காலில் நிற்கவைத்தேன், அதன் பின்பக்கம் என்னைப் பார்க்க. இடது கையால் தாடையை ஏந்தி, அதே உள்ளங்கையைக் குவித்துக் கண் இரண்டையும் மூடினேன். வலது கையில் பாட்டில், முன்னால் சற்று மேலிருந்து. அத்தை வாலின் அடியில் இரண்டு விரலால் சுரண்டிக் கொடுத்தார். தாய் ஊட்டும்போது குட்டியின் வாலடியை முகர்ந்து நக்கும், அதற்குப் பதில்தான் இது.

முதலில் நாக்கு ரப்பருக்கு அடியில் வந்தது. பிறகு கன்னம் குழிந்தது. பாட்டிலுக்குள் ஒரு குமிழி ஏறியது. அடுத்த நொடி வால் சடசடவென்று ஆடத் தொடங்கியது. வால் ஆடினால் பால் இறங்குகிறது என்று அர்த்தம், அளவுக்கோட்டைப் பார்க்கத் தேவையில்லை. 40 மில்லி குடித்துவிட்டு அப்படியே தூங்கிவிட்டது.

இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் எழுப்பி அதே மாதிரிக் கொடுத்தோம். முதல் நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது சீம்பால் உள்ளே போக வேண்டும், அதாவது இதற்கு 160 மில்லி. விடிந்து வெயில் ஏறுவதற்குள் அதைத் தாண்டிவிட்டோம்.

நிற்கவைத்துக் கொடுப்பது பற்றி இன்னும் கொஞ்சம். கைக்குழந்தையை ஏந்துகிற பழக்கத்தில் குட்டியையும் மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டுபவர்களைப் பார்க்கிறேன். ஆட்டுக்கு நாலு அறை வயிறு. குட்டி கழுத்தை முன்னால் நீட்டிச் சப்பும்போது தொண்டைக்கு அப்பால் ஒரு மடிப்பு குழாயாகச் சுருண்டுகொள்ளும். அதன் வழியாகப் பால் பெருவயிற்றைத் தாண்டி, செரிக்கும் நாலாவது வயிற்றுக்கு நேராகப் போகும். சப்பாமல் ஊற்றியது பெருவயிற்றில் தேங்கிப் புளிக்கும், வயிறு உப்பும். தலையை ரொம்ப அண்ணாந்தாலும் புரையேறும். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாம் செய்தும் சப்பவே இல்லை என்றால் அடுத்த வழி, டாக்டர் ரப்பர் குழாயை வயிறு வரைக்கும் இறக்கிச் சீம்பாலை உள்ளே விடுவது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளாமல் இதை நாமே முயலக் கூடாது. குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் முடிந்தது. 1962க்குப் போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், எண்ணைக் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.

பால் மாறிய நாட்கள்

சீம்பால் தீர்ந்து, பக்கத்து வீட்டுப் பசும்பாலுக்கு மாறியதும் அடுத்த மறுப்பு. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிப்பிளைத் துப்பியது. வாசம் வேறு என்பது ஒரு காரணம். ஆட்டுப்பாலும் பசும்பாலும் பாதிப்பாதி கலந்து, மெல்ல மெல்லப் பசும்பாலைக் கூட்டினோம். இன்னொரு காரணம் சூடு. கண்ணாடி பாட்டில் கையில் இருக்கும்போதே ஆறிவிடுகிறது, ஆறிய பாலை இது கண்டிப்பாகத் தொடாது. பழைய சாக்ஸ் ஒன்றைப் பாட்டிலுக்கு மாட்டிவிட்ட பிறகு அந்தத் தகராறு இல்லை. தண்ணீர் கலந்து கொடு, இல்லாவிட்டால் கழியும் என்று தெருவில் பலர் சொன்னார்கள். நான் கலக்கவில்லை. கழிச்சல் வருவது பெரும்பாலும் ஒரே வேளையில் அதிகமாகக் கொடுப்பதாலும், கழுவாத பாட்டிலாலும், வேளைக்கு வேளை மாறும் சூட்டாலும்தான்.

ஒருநாள் காலையில் பாட்டிலைப் பார்த்ததும் ஓடி வந்து, வாய் வைத்துவிட்டு, முதுகை வளைத்துக்கொண்டு விலகி நின்றது. வாலைத் தூக்கினால் காரணம் தெரிந்தது. காட்டுப்பீ, அதாவது பிறந்ததும் முதலில் போகும் சாணம், கருப்பாகப் போய் முடிந்த பிறகு பால் சாணம் மஞ்சளாக, பசை கணக்காய் வரும். அது காய்ந்து வாலோடு ஒட்டி வாசலையே அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவைத்து எடுத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டே நிமிஷத்தில் வயிறு காலியானது, அதன் பிறகு பாட்டிலும் காலி. தாய் நக்கிச் சுத்தம் செய்யாத குட்டிக்கு இதைத் தினமும் நாம்தான் பார்க்க வேண்டும்.

நடுவில் தாயோடு சேர்க்கவும் பார்த்தோம். குட்டியின் முதுகில் உப்புத் தண்ணீர் தடவி முன்னால் விட்டால், தாய் உப்பை ருசித்து நக்கியது, நக்கி முடித்ததும் முட்டியது. சுவரோரமாகத் தாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் மட்டும் ஊட்ட விடுகிறது. அதனால் சாயங்காலம் ஒரு வேளை மட்டும் அப்படி. மற்றபடி பாட்டில்தான். அதற்கு மேல் கட்டாயப்படுத்த எனக்கு மனமில்லை, தாய்க்கும் மடியில் இருப்பது அவ்வளவுதான்.

இடையில், காட்டோரம் தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்தார். புல்லுக்குள் மான்குட்டி ஒன்று தனியாகக் கிடக்கிறதாம், தூக்கி வரவா, நீதான் பாட்டில் பால் கொடுப்பாயே என்றார். தொடவே தொடாதீங்க மாமா என்றேன். மான் தன் குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும், ஊட்டும் நேரத்துக்குத் திரும்பி வரும். நாம் தூக்கி வந்தால்தான் அது அநாதையாகும். தூக்கி வந்த மான்குட்டி மிரட்சியிலேயே பாட்டிலைத் தொடாமல் கிடக்கும், அதட்டி ஊற்றினால் மேலும் மோசம். போதாக்குறைக்கு மானை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய் செத்துக் கிடப்பதையோ, குட்டிக்குக் காயம் இருப்பதையோ கண்ணால் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவரும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, தள்ளி நின்று பார்த்திருக்கிறார். பொழுது சாய்ந்ததும் தாய் வந்து கூட்டிக்கொண்டு போனதாம்.

இப்போது

மறுத்த குட்டியா இது என்று இருக்கிறது. பாட்டில் சத்தம் கேட்டால் கொட்டகைக் கதவை முட்டுகிறது, குடிக்கும்போது பாட்டிலையும் கீழிருந்து முட்டுகிறது. மடியை முட்டினால் பால் இறங்கும் என்பது அதன் கணக்கு. இனிப் பிரச்சினை குறைவாகக் குடிப்பது இல்லை, கூடுதலாகக் கேட்பதுதான். எடையில் ஆறில் ஒரு பங்கு பால், அதை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறேன். எவ்வளவு கத்தினாலும் கூட்டுவதில்லை. குடித்து முடித்ததும் விலா எலும்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கை வைத்துப் பார்ப்பேன். சமமாக இருந்தால் சரி, புடைத்துக்கொண்டு இருந்தால் அடுத்த வேளையில் அளவைக் குறைத்துவிடுவேன்.

அகத்திக் கொழுந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அண்ணன்களைப் பார்த்து இதுவும் நுனியைக் கடித்து இழுக்கிறது, பாதி தின்கிறது, பாதி விளையாட்டு. வேலிமசால் என்கிற தீவனத் தழை இன்னும் பிடிபடவில்லை. எடை இப்போது 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், கிடாக்கள் இரண்டும் ஐந்தைத் தாண்டிவிட்டன. தழை தின்பது நிலைப்பட்டதும் முதலில் நடு ராத்திரிப் பாலை நிறுத்துவேன், பிறகு மத்தியானப் பாலை. குடற்புழு மருந்துக்கு டாக்டரிடம் தேதி கேட்டாயிற்று. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை மூன்று மாதம் முடிந்த பிறகு மூன்று குட்டிக்கும் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம் என்றார்.