சிறுத்தையைப் பார்க்க காலேஜ் லெட்டர் வாங்கின கதை

பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷ புராஜெக்டுக்காக பெங்களூரு பன்னேருகட்டா உயிரியல் பூங்காவில் சிறுத்தையின் நடத்தையைக் குறிப்பெடுக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது. தொடுவதில்லை, ரத்தம் எடுப்பதில்லை, பார்வையாளர் பக்கம் நின்று பார்ப்பது மட்டும்தான். பூங்காக்காரர்கள் என்னைப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் எங்கள் காலேஜ் ஆபீஸ்.

"அங்க பர்மிஷன் வரட்டும், அப்புறம் லெட்டர் தர்றேன்" என்றார் கிளார்க். லெட்டர்ஹெட் இல்லாத விண்ணப்பத்தை எந்தப் பூங்காவில் வாங்குவார்கள்? தினமும் கன்னடத்தில் "நாளே பன்னி" (நாளைக்கு வாங்க). கடைசியில் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) போன் செய்த பிறகு ஒரு லெட்டர் வந்தது: மாணவர்கள் கல்விச் சுற்றுலா வருகிறார்கள், டிக்கெட்டில் சலுகை வேண்டும் என்று! பழைய லெட்டரில் என் பெயரை மட்டும் செருகியிருந்தார்.

அடுத்தது இன்னும் அருமை. டைம்டேபிளில் புராஜெக்ட் பீரியட் செவ்வாய்க்கிழமை என்பதால் "ஒவ்வொரு செவ்வாயும்" என்று டைப் அடித்துக் கொடுத்தார். பன்னேருகட்டாவுக்கு வார விடுமுறையே செவ்வாய்தான். சொன்னால், "டைம்டேபிள்படிதான் தர முடியும்". கைடு மேடம் அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த முகத்தை போட்டோ எடுக்காமல் விட்டுவிட்டேனே!

லெட்டரில் ஆய்வுத் தலைப்பு, கைடு பெயர், விலங்கைத் தொடமாட்டோம் என்ற உறுதி, காலேஜ் சீல், அவுட்வர்ட் நம்பர் (ஆபீஸ் பதிவேட்டில் லெட்டருக்குப் போடும் எண்) எல்லாம் இருக்கிறதா என்று ஜன்னலை விட்டு நகர்வதற்குள் பாருங்கள். அனுமதி வந்ததும் நாலைந்து ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். ஷிப்டு மாறினால் செக்யூரிட்டியும் மாறுவார், மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும்.

குறிப்பெடுப்பது சுலபம்: சிறுத்தை அப்போது என்ன செய்கிறதோ அதற்கான கட்டத்தில் நிமிஷத்துக்கு ஒரு டிக், அவ்வளவுதான். சிக்கல் அதே தடத்தில் போய்ப் போய்த் திரும்பும் நடையில். நடுவில் சுவரை மோந்து பார்த்தால் அதுவும் அந்தக் கணக்கா? எனக்கும் கூட வந்த தோழிக்கும் முதல் ஷீட்டே ஒத்துப்போகவில்லை. ஆரம்பிக்கும் முன்பே வரையறையை எழுதி வையுங்கள்.

தீனி நேரத்தைக் கீப்பரிடம் கேளுங்கள். எங்கள் கீப்பர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். "ஏம்மா, மூணு மணிக்கு மேல வந்தா அது நடந்துகிட்டேதான் இருக்கும். கறி வண்டிச் சத்தம் அதுக்குத் தெரியும்" என்றார். மாலையில் மட்டும் போயிருந்தால் நாள் முழுக்க நடக்கிறது என்று எழுதித் தொலைத்திருப்பேன். பெரும்பூனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது வழக்கம். அது எந்த நாள் என்றும் கேட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பார்வையாளர்கள் விலங்கைப் பார்த்து அடிக்கும் விசில் சத்தம்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தின் 38ஜே பிரிவுப்படி அது குற்றம் என்று ஒருவரிடம் சொன்னேன். "புலி எங்க இருக்கு?" என்று கேட்டார். கூட்டத்தை எண்ண ஷீட்டில் தனிக் கட்டம் வையுங்கள், அந்த எண்ணிக்கை இல்லாமல் ஞாயிறு டேட்டாவை எதோடும் ஒப்பிட முடியாது.

முடிந்ததும் அறிக்கையின் ஒரு பிரதியைப் பூங்காவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக சீல் வாங்கிவிடுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதைத்தான் முதலில் கேட்டார்கள்.