விலக்குவது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான் பாடு

என் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கொடுக்கக் கூடாதவை' என்று மேலே எழுதி, கீழே பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, மீன், தக்காளி, வாழைப்பழம். எட்டில் மருத்துவர் சொன்னவை பாலும் முட்டையும் மட்டும்தான். மற்ற ஆறும் நானாகப் பயந்து எழுதியவை.

மூன்றாவது மாதத்தில் ஆரம்பித்தது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கிற குழந்தைக்கு மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும். நான் குடிக்கும் பசும்பாலின் புரதம் தாய்ப்பாலில் கொஞ்சம் போய்ச் சேரும், அது ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மருத்துவர். பால், தயிர், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டேன். பத்து நாளாகியும் முழுக்கச் சரியாகவில்லை என்று சோயாவையும் கோதுமையையும் சேர்த்து நிறுத்தினேன். அங்கேதான் தப்பு. பாலை விட்ட பிறகு மாற்றம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம்கூட ஆகலாம். மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது, ஆனால் எதை நிறுத்தியதால் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. நான் இளைத்ததுதான் மிச்சம். மருத்துவர் சொல்லி கால்சியம் மாத்திரை சேர்த்தேன். பிறகு சோயாவை ஒரு வாரம், கோதுமையை ஒரு வாரம் என்று திரும்பச் சாப்பிட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவளுக்கு நேராக ஊட்டத் துணிவு வராமல் தாளில் அப்படியே விட்டுவைத்தேன்.

ஆட்டுப்பால் கொடுத்துப் பார் என்று சொல்லாத ஆளில்லை. அதன் புரதம் பசும்பாலுடையதைப் போலவே இருப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது. லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, எங்கள் சிக்கல் புரதம். கடையில் பொட்டலத்தைத் திருப்பி கேசின், வே என்ற பால் புரதப் பெயர்களைத் தேடப் பழகிக்கொண்டேன்.

ஆறரை மாதத்தில் வேகவைத்த முட்டை, ஒரு கரண்டிகூட இல்லை. பத்து நிமிடத்தில் உதட்டைச் சுற்றியும் மார்பிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. பால் அவளுக்கு மெதுவாகத் தாக்கும் வகை, முட்டை உடனடியாகத் தாக்கும் வகை என்று அப்போதுதான் புரிந்தது. மூச்சுத் திணறினாலோ, துவண்டு போனாலோ, தடிப்போடு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் வேர்க்கடலைக்கும் 3 மில்லிமீட்டர் தடிப்பு வந்தது. அவ்வளவுதான், இனி ஆயுசுக்கும் கடலையே கூடாது என்று அழுதேன். மருத்துவர் சிரித்தார். தடிப்பு வந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்கிறது என்று அர்த்தம், சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்ட முடியாது என்றார். 2015-இல் வெளிவந்த லீப் ஆய்வைப் பற்றியும் சொன்னார். முட்டை ஒவ்வாமையோ கடுமையான கரப்பானோ உள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்தபோது, கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததாம். மருத்துவமனையில் அவர்கள் கண்முன்னே, தண்ணீராகக் கரைத்த கடலை விழுதைத் துளியில் தொடங்கி ஊட்டினோம். அரை நாள் உட்கார்ந்திருந்தோம். என் சட்டையில் துப்பியதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை.

அதற்கப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் கழித்து என்ன நடந்தது. புதுசாக ஒன்றைக் கொடுப்பதென்றால் காலையில்தான், சளி காய்ச்சல் இல்லாத நாளில்தான், மூன்று நாள் அதையே. கோதுமை, சோயா, மீன் எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. தக்காளி கொடுத்தபோது தோலில் சிவப்பு அதன் சாறு பட்ட இடத்தில் மட்டும் வந்து ஒரு மணி நேரத்தில் மறைந்தது. வெறும் புளிப்பு எரிச்சல். வாழைப்பழத்தை ஏன் எழுதினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

ஒரு வயதுக்கு மேல், மருத்துவர் சரி என்ற பிறகு, பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துணுக்கு. பல வாரம் படிப்படியாக ஏறித் தயிருக்கு வந்திருக்கிறோம்.

தாளில் இப்போது முட்டை மட்டும் மிச்சம். கேக்கில் நன்றாக வெந்த முட்டையைக் கொடுத்துப் பார்க்க அடுத்த மாதம் மருத்துவமனையில் நாள் குறித்திருக்கிறார்கள். இந்தத் தடவை எனக்கும் ஒரு மாற்றுச் சட்டை எடுத்துப்போக வேண்டும்.