டிசம்பருக்குள் ஒரு கணிதத் தேர்வு

பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணமாகி அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்த எனக்கு, சமுதாயக் கல்லூரியில் சேர்வதற்கு இருந்த வழி, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் அதற்கு இணையான சான்றிதழ் பெற எழுதும் ஜி.இ.டி. தேர்வுதான். 2013 ஏப்ரலில் ஐந்து தாள்களையும் எழுதினேன். வாசிப்பில் 470, எழுத்தில் 430, சமூக அறிவியலில் 450, அறிவியலில் 460 வந்தன. கணிதத்தில் மட்டும் 400. அப்போது ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 410 எடுத்தாக வேண்டியிருந்தது.

பத்து மதிப்பெண்தானே, அடுத்த ஆண்டு நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தபோதுதான், தேர்வு முழுவதுமாக மாறப்போகிறது என்று மாலை வகுப்பு ஆசிரியை சொன்னார். 2014 ஜனவரி முதல் ஐந்து தாள்கள் நான்காகும், எல்லாவற்றையும் கணினியிலேயே எழுத வேண்டும். இவற்றைவிட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று: 2002-இல் தொடங்கிய பழைய தேர்வில் சில தாள்களில் மட்டும் தேறியிருப்பவர்களின் மதிப்பெண்கள் 2013-இன் முடிவோடு செல்லாமற் போய்விடும். அவர் என் மதிப்பெண்களை ஒரு காகிதத்தில் கூட்டியும் காட்டினார். ஐந்து தாள்களின் சராசரி 450, அதாவது மொத்தம் 2250 வர வேண்டும். நான் தேறிய நான்கின் கூட்டுத்தொகை 1810. ஆகவே எனக்குக் கணிதத்தில் 410 போதாது, 440 தேவை. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் அந்தக் கூட்டலை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

என்னோடு படித்த ஒரு பெண் அதுவரை எந்தத் தாளும் எழுதவில்லை. அவர் புதிய தேர்வுக்கே காத்திருக்க முடிவு செய்தார். அவருக்கு அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு பத்திகளைப் படித்து எவருடைய வாதத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது என்று எழுதச் சொல்லும் புதிய கட்டுரை, சொந்தக் கருத்தை மட்டும் கேட்ட பழைய கட்டுரையைவிடக் கல்லூரிப் படிப்புக்கு நல்ல பயிற்சி. ஆனால் நான்கு தாள்களைக் கடந்துவிட்ட எனக்கு அவற்றை இழப்பது நியாயமாகப் படவில்லை.

பழைய தேர்வின் கணிதத் தாளில் 90 நிமிடங்களில் 50 கேள்விகள் இருந்தன. முதல் 25-க்குக் கால்குலேட்டர் இருந்தது, அடுத்த 25-க்கு இல்லை. ஊர்ப் பள்ளியில் உரக்கச் சொல்லிப் படித்த வாய்ப்பாடு இரண்டாம் பகுதியில் எனக்குத் துணையாக இருந்தது. என்னைத் தடுக்கி விழச்செய்தவை அளவைகள்தாம். மீட்டரும் லிட்டரும் மனத்தில் பதிந்தவளுக்கு, 12 அங்குலம் ஓர் அடி, 3 அடி ஒரு கெஜம், 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு என்பவை கேள்விக்குள் வந்ததும் நிமிடங்கள் கரைந்தன. சமையலறைச் சுவரில் அவற்றை எழுதி ஒட்டினேன். வீட்டில் பால் கேனையும் மாவுப் பையையும் பார்க்கும்போதெல்லாம் மாற்றிச் சொல்லிப் பழகினேன். தேர்வு மையத்தில் தந்த அதே காசியோ எஃப்.எக்ஸ்-260 கால்குலேட்டரை வாங்கி, அதன் பின்னப் பொத்தானைக் கண் பார்க்காமலே அழுத்தும் அளவுக்குப் பயின்றேன். சில விடைகளைத் தெரிவு செய்யாமல் கட்டங்களில் நிரப்ப வேண்டியிருந்தது. அங்கே இரண்டரை போன்ற கலப்பு எண்ணை அப்படியே எழுத இயலவில்லை, 5/2 என்றோ 2.5 என்றோ மாற்ற வேண்டியிருந்தது. ஏப்ரலில் இது தெரியாமல் சரியான விடைகளையே தவறவிட்டிருந்தேன்.

நவம்பரில் கேட்டபோது மையத்தில் இடமில்லை. எல்லாரும் அதே காலக்கெடுவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். வாரம் இருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்ததில், டிசம்பர் முதல் வாரத்தில் ஒருவர் விலகிய இடம் கிடைத்தது.

கணிதத்தில் 450 வந்தது. மொத்தம் 2260. அந்த மதிப்பெண் பட்டியலை ஆசிரியையிடம் கொடுத்தபோது, அவர் மறுபடியும் ஐந்தையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.