படப்பிடிப்பில் கடைநிலை வேலை: பயிற்சி எடுத்துச் சேர்ந்த கதை

சினிமா, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளுக்கு உள்ளூர் ஆட்களைத் தயார்படுத்தும் பயிற்சி அது. நேர்காணலில் பிடித்த படம், பிடித்த இயக்குநர் என்று கேட்பார்கள் என நினைத்துப் போனேன். யாரும் கேட்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியுமா, விடிவதற்கு முன் வந்து சேர முடியுமா, மணிக்கணக்கில் சும்மா நிற்கச் சொன்னால் நிற்பீர்களா, இவ்வளவுதான். வெளியூரிலிருந்து ஆட்களை அழைத்து வந்து தங்கவைத்தால் செலவு கூடும். அதனால்தான் உள்ளூர் ஆட்களைத் தேடுகிறார்கள்.

வகுப்பில் கேமரா, லென்ஸ் பற்றி நிறையச் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாகச் சேரும் புரொடக்‌ஷன் அசிஸ்டெண்ட் கேமராவைத் தொடக்கூட மாட்டார். எனக்குச் சோறு போட்டது கால் ஷீட்டும் வாக்கி டாக்கியும்தான். யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தெந்தக் காட்சிகள், சூரியன் எப்போது மறையும், பக்கத்தில் எந்த மருத்துவமனை என எல்லாம் முந்தைய இரவே கால் ஷீட்டில் வந்துவிடும். அதைப் படித்தவர் மறுநாள் பாதிக் கேள்விகளைக் கேட்கவே வேண்டியதில்லை. வாக்கியில் பட்டனை அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் விழுங்கப்பட்டுவிடும். ஒரு கணம் விட்டுப் பேச வேண்டும். நீளமான பேச்சென்றால் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும், மொத்த யூனிட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறதே.

விளக்கு மாட்டும் சி-ஸ்டாண்டின் கால்கள் ஒரே உயரத்தில் இருக்காது; அதில் உயரமான கால் பாரம் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும், மணல் மூட்டை அந்தக் காலின் மேல். ஒலிப்பதிவு இல்லாத ஷாட் என்றால் கிளாப் போர்டைத் தட்டாமல், நடுவே விரல்களை வைத்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது.

வராதது, ஷாட் நடக்கும்போது வழியில் வருகிறவர்களை நிறுத்துவது. பயிற்சியாளர் என்னை ஒரு நடைவழியின் முனையில் நிறுத்தி, தள்ளுவண்டியோடு அவரே எதிரில் வந்தார். “பொதுவழியில் யாரையும் தடுக்க உனக்கு அதிகாரம் கிடையாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும்” என்றார். அதனால் கேமரா ஓடத் தொடங்கிவிட்டதைச் சொல்லும் “ரோலிங்” காதில் விழும் முன்பே முன்னால் போய், “ஒரே நிமிஷம் சார், ஷாட் போகப்போகுது” என்று சிரித்துச் சொல்லிவிட வேண்டும். ரோலிங் வந்தபின் வாய் திறக்கக் கூடாது, கைதான். “கட்” கேட்டதும் முதல் வேலை, நின்றவருக்கு நன்றி சொல்லி வழிவிடுவது. இதற்குத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தோம். என்னைக் கேட்டால், பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுத்திருக்கலாம்.

சான்றிதழை இதுவரை யாரும் கேட்டதில்லை. பயிற்சியின் முடிவில் ஒரு தொடரின் படப்பிடிப்புக்கு உதவிக்கு அனுப்பினார்கள். அங்கே உதவி இயக்குநர் ஒருவர் என் எண்ணை வாங்கி வைத்திருந்தார். ஆள் குறைந்த ஒரு நாளில் அவர் அழைத்ததுதான் முதல் சம்பள வேலை. அடுத்த வேலைகளும் இப்படி ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட்டு வந்தவையே. ஓரிடத்தில் கூடுதல் நேரத்துக்கான காசுக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும், வந்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாக்கியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.