என் தம்பியைத் தோற்கவும் விடுங்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் தம்பி வார இறுதியில் நீச்சலுக்கும் போச்சே என்கிற பந்து விளையாட்டுக்கும் போகிறான் என்று சொன்னால், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "நல்லதும்மா, பொழுது போகும்" என்பார்கள், மீதிப் பேர் "உடம்புக்கு நல்லது" என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் முப்பது வயது தாண்டிய அவனை ஒருவர் நிஜமான போட்டியாளனாக நினைத்து, அவனைத் தோற்கடிக்கப் பாடுபட்டு, சில நேரம் தோற்கடித்தும் விடுகிறார் என்றால், அது அந்தத் திடலில் மட்டும்தான் நடக்கிறது. வீட்டில் கேரம் ஆடினால் அப்பா சிவப்புக் காயை அவனுக்கே விட்டுவிடுவார். தீபாவளிக்கு வரும் அத்தை, சித்தப்பா எல்லாரும் அவன் எதைச் செய்தாலும் கைதட்டுவார்கள். அன்பு இல்லை என்று யார் சொன்னது, இருக்கிறது, ஆனால் எப்போதும் ஜெயிக்க விடப்படுகிற ஒருவனுக்கு ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கும்?

தம்பியைப் போல அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்றால் வந்தவர்களுக்கெல்லாம் மெடல் மாட்டி அனுப்புகிற விழா என்று பலருக்கு நினைப்பு. உள்ளே நடப்பது வேறு. முதலில் ஒரு தகுதிச் சுற்று வைத்து ஒவ்வொருவரின் நேரத்தையோ புள்ளியையோ குறித்துக்கொள்வார்கள், அப்புறம் ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு திறன் என்று பார்த்து, திறமையில் கிட்டத்தட்ட சமமாக உள்ளவர்களை ஒரே பிரிவில் போடுவார்கள். பிரிவில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள இடைவெளி 15 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி பார்ப்பது வழக்கம். முதல் மூன்று பேருக்கு மெடல், மற்றவர்களுக்கு ரிப்பன். ஆகவே குளத்தின் மறுகரையைத் தொடவே மூச்சு வாங்குகிறவனும் மீன் மாதிரி பாய்கிறவனும் ஒரே பந்தயத்தில் மாட்டுவதில்லை, யாருக்கும் வெற்றி இனாமாகவும் கிடைப்பதில்லை. சரி, தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக நீந்தி, லேசான பிரிவில் இடம் பிடித்து, இறுதிப் போட்டியில் பிய்த்து உதறினால்? அதற்கும் விதி இருக்கிறது. முன்பு காட்டியதைவிட அளவுக்கு மீறி நன்றாகச் செய்தால் தகுதி நீக்கம் செய்துவிடலாம். (முதல்முறை இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன், அப்புறம் சந்தோஷமாக இருந்தது. இவர்களும் தில்லுமுல்லு செய்யக்கூடும் என்று சந்தேகப்படுகிற அளவுக்கு ஒரு அமைப்பு இவர்களை மதிக்கிறதே!)

இந்தத் துறையில் நடந்த பெரிய தில்லுமுல்லைச் செய்தது இவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டியான பாராலிம்பிக்கில், 2000ஆம் ஆண்டு சிட்னியில், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. அந்த அணியின் 12 பேரில் 10 பேருக்கு அப்படி எந்தக் குறைபாடும் இல்லை என்பது பிறகு வெளியே வந்தது. தங்கத்தைத் திருப்பி வாங்கினார்கள், நியாயம். ஆனால் அதோடு நிற்கவில்லை, உலகம் முழுக்க அறிவுத்திறன் குறைபாடு உள்ள வீரர்கள் அத்தனை பேருக்கும் பாராலிம்பிக் கதவு மூடிக்கொண்டது. 2012 லண்டனில்தான் மறுபடி திறந்தது, அதுவும் தடகளம், நீச்சல், மேசைப்பந்து மூன்றுக்கு மட்டும். எவனோ செய்த திருட்டுக்கு யாரோ அடி வாங்கினார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய கதையும் ஓர் அக்கா தங்கை கதைதான். அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு அறிவுத்திறன் குறைபாடு இருந்தது, 23 வயதில் மூளையில் ஓர் அறுவை சிகிச்சை செய்து, இருந்த திறனும் போய்விட்டது. இன்னொரு தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962ல் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்த ஆரம்பித்தார். 1968ல் சிகாகோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. இங்கே சிங்கப்பூரில் இவர்களுக்கான மைண்ட்ஸ் அமைப்பு தொடங்கியதும் அதே 1962தான். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இங்கே வந்தது 1983ல்.

போச்சே தெரியாதவர்களுக்கு: நம் கோலிக்குண்டுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிடுவார்கள், அப்புறம் பக்கத்துக்கு நான்கு பந்து, யாருடையது சின்னப் பந்துக்கு அருகில் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. இரண்டு பந்தும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தால் நடுவர் டேப்பை எடுத்து அளப்பார். அந்த அளக்கும் நேரத்தில் என் தம்பி முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! அப்பாவிடம் அடம்பிடித்தால் காரியம் நடக்கும், டேப்பிடம் நடக்காது. தோற்ற புதிதில் பந்தைத் தூக்கி எறிந்திருக்கிறான், தரையில் உட்கார்ந்து எழ மாட்டேன் என்றிருக்கிறான். பயிற்றுநர் ஓடிவந்து சமாதானம் பண்ணவில்லை, அவன் முறை வந்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். இப்போது தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிராளிக்குக் கை கொடுக்கிறான். எனக்குத் தெரிந்த சில பெரிய மனிதர்களுக்கு இது இன்னும் வரவில்லை.

நல்ல பயிற்றுநரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்கள். என் கணக்கில் ஒன்றுதான்: அவர் உங்களிடம் பேசுகிறாரா, உங்கள் பிள்ளையிடம் பேசுகிறாரா? எங்கள் பயிற்றுநர் என்னைக் கண்டுகொள்வதே இல்லை. தம்பியிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் சொல்வார், சொல்வதைவிடச் செய்து காட்டுவதுதான் அதிகம், அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்தது. அப்புறம் நம் ஊர் மழை. மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் குளத்தைவிட்டு ஏற வேண்டும். வழக்கம் மாறினாலே கலங்கிப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, அலறல், அழுகை எல்லாம் இருக்கும். அதனால் மின்னல் நாளுக்கென்றே தனியாக உடற்பயிற்சி வைத்திருக்கிறார், அதுவும் அட்டவணையில் ஒன்றாகிவிட்டது. இடி இடித்தால் இப்போது தம்பி தானே ஏறி வந்து பாயை விரிக்கிறான்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசை தளர்வாக இருக்கும், ஏறத்தாழ பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள், தைராய்டு பிரச்சினை அதிகம், எடை சட்டென்று ஏறும். சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளுக்கு இடையே பிடிப்புக் குறைவு, அவர்கள் தலைகீழாகக் குதிப்பதோ குட்டிக்கரணம் போடுவதோ ஆபத்து. ஆகவே எந்த விளையாட்டில் சேர்ப்பதற்கு முன்பும் மருத்துவரிடம் இதயத்தையும் கழுத்தையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களின் சொத்தைப் பல்லும் மங்கிய பார்வையும் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும், வீட்டில் "இப்போதெல்லாம் ரொம்பக் கோபப்படுகிறான்" என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997லிருந்து வீரர்களுக்குக் கண், காது, பல், பாதம் எல்லாம் இலவசமாகப் பரிசோதிக்கிறது. மெடலைவிட இது பெரிது என்பேன். மற்றபடி விளையாடினால் மூளை வளர்ந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பள்ளி இருக்கிறவரை கவலை இல்லை. சிறப்புப் பள்ளி 18 வயதுவாக்கில் முடிந்ததும் தான் கஷ்டம் தெரியும். பேருந்து வராது, ஆசிரியர் இல்லை, நண்பர்கள் தீவின் ஆளுக்கொரு மூலையில். தம்பி பல மாதம் டிவி முன்னால் உட்கார்ந்து பருத்தான். அவனை வெளியே இழுத்தது நீச்சல்தான். முதலில் அம்மா கூடப் போவார், பிறகு ஒரு நிலையம் மட்டும் தனியாக, பிறகு முழுப் பயணமும். யீஷூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஏறி, சரியான இடத்தில் இறங்கி, பயிற்சி முடிந்ததும் காப்பிக்கடையில் தானே "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) சொல்லிக் குடிக்கிறான். எடை பார்க்கச் சொன்னது பயிற்றுநர், அதனால் கோசோங். நாங்கள் சொன்னால் கேட்டிருப்பானா!

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை ஒரே நிற டிஷர்ட்டில் வந்து, முப்பது வயது ஆளின் கன்னத்தைக் கிள்ளி, படம் எடுத்துக்கொண்டு போகிற தொண்டூழியர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேண்டியது அது இல்லை. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் ஆடுகிற 'யூனிஃபைட்' ஆட்டங்கள் இருக்கின்றன, அதில் சேருங்கள், வாராவாரம் வாருங்கள், அவன் தப்பாகப் போட்டால் திட்டுங்கள்.

வயது தாண்டிவிட்டதே என்று தயங்குகிற குடும்பங்களுக்கு ஒரு தகவல்: போட்டியில் சேர எட்டு வயதானால் போதும், மேல் வரம்பு கிடையாது. உங்கள் அண்ணனுக்கு நாற்பது ஆகியிருந்தாலும் கூட்டிவாருங்கள். போச்சேயில் தம்பிக்குச் சமமாக ஆடுகிறவர்கள் குறைவு, இருக்கிற இரண்டு பேரோடு ஆடி ஆடி அலுத்துவிட்டது என்று வாரம் தவறாமல் என் உயிரை எடுக்கிறான்.